பூட்டு இருந்தது, சாவியும் அதிலேயே தொங்கியது

எங்கள் ஆடிட்டர் அலுவலக லேப்டாப் ஒன்றின் எஸ்எஸ்டியை (தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க்) சோதனைக்காகக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினேன். கிளையன்ட்களின் பான் அட்டை நகல்கள் எந்தச் சாவியும் கேட்காமல் திறந்தன! டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரோ, 100 சதவீதம் என்கிரிப்ட் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றுவது) ஆகிவிட்டது என்கிறது.

கேஸ் மேல் சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கினேன், வீண். விண்டோஸ் கடவுச்சொல்லை மாற்றினேன். கழற்றிய டிஸ்க்குக்கு அது எதற்கு? பயாஸ் செட்டிங்ஸில், சாவியைப் பாதுகாக்கும் டிபிஎம் சிப்பும் ஆன் செய்துதான் இருந்தது. மூன்று நாள் போச்சு.

அப்புறம்தான் சி டிரைவ் படத்தின் மேலிருந்த குட்டி மஞ்சள் முக்கோணம் கண்ணில் பட்டது. அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிட்லாக்கரின் நிலையைக் காட்டும் மேனேஜ்-பிடிஇ ஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், என்கிரிப்ஷன் முழுமை, ஆனால் பாதுகாப்பு 'ஆஃப்'. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல், லோக்கல் அக்கவுண்ட்டில் தொடங்கிய லேப்டாப் அது; அதனால் பிட்லாக்கர் பாதுகாப்பு ஆக்டிவேட் ஆகவே இல்லை. இப்படி ஆக்டிவேஷனுக்குக் காத்திருக்கும் நிலையில், சாவி டிஸ்க்கிலேயே திறந்து கிடக்குமாம்.

கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை ஆன் செய்து, 48 இலக்க மீட்புச் சாவியை அச்செடுத்து பீரோவில் வைத்தேன். எஸ்எஸ்டியை மறுபடி கழற்றிச் செருகினேன். இந்த முறை சாவி கேட்டது. அப்பாடா! மற்ற லேப்டாப்களையும் பார்த்தேன். இன்னும் இரண்டில் அதே முக்கோணம்.