ஜெல் பேனா வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

கடைக்காரர் நீட்டும் துண்டுக் காகிதத்தில் இரண்டு சுழி போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் பெரிய தவறு. சுழி போடும்போது எந்தப் பேனாவும் நன்றாகத்தான் ஓடும். தினமும் எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கொண்டுபோய், வழக்கமான வேகத்தில் ஐந்தாறு வரி எழுதிப் பாருங்கள். 'ட', 'ப' மூலைகளில் கோடு விட்டுப்போனால் முனையில் மை சீராக வரவில்லை என்று பொருள். எழுதி ஐந்து விநாடி கழித்து விரலால் தேய்த்து, மை இழுபடுகிறதா என்று பாருங்கள். தாளைத் திருப்பி மை ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடது கையால் எழுதுபவர்களுக்கு இந்தத் தேய்ப்புச் சோதனையே முக்கியம்.

அடுத்தது முனை அளவு. 0.7, 1.0 மில்லிமீட்டர் முனை வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். ஜெல் மை நீர் சேர்ந்தது. முனைக்குண்டு உருளும்போது இளகி, தாளில் பட்டதும் மறுபடி கெட்டியாகும். பால் பாயிண்ட்டைவிட அதிக மை இறங்கும். மட்டமான தாளில் அது பரவி 'ண', 'ஞ' சுழிகளை அடைத்துவிடும். பொடி எழுத்துக்காரர்களுக்கு 0.5 போதும். அழுத்தி எழுதுபவர்களுக்கு அதைவிடக் கூர்மையான முனை தாளைக் கீறும்.

ரீஃபிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மைக்குப் பின்னால் நிறமற்ற பசை போன்ற அடைப்பு ஒன்று இருக்கும். மை பின்பக்கமாக ஒழுகாமலும் காயாமலும் காப்பது அதுதான். அது மையோடு கலந்திருந்தாலோ, மையின் நடுவே காற்று இடைவெளி தெரிந்தாலோ வேண்டாம். மாற்று ரீஃபில் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஓரிரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலே பட்டன் பேனாவில் முனை உள்ளே போகாது.

எல்லா வேலைக்கும் ஒரே பேனா என்பதும் சரிவராது. டிஎன்பிஎஸ்சி ஓஎம்ஆர் தாளுக்குக் கறுப்பு பால் பாயிண்ட்தான். கார்பன் வைத்து எழுதும் ரசீதுக்கும் ஜெல் உதவாது, அழுத்தம் போதாது. காசோலைக்கு நிறமி (பிக்மென்ட்) மை உள்ளதாகப் பாருங்கள். சாய மை தண்ணீர் பட்டால் கரையும். பைலட் ஃப்ரிக்ஷன் போன்ற அழிக்கும் பேனா அங்கே கூடவே கூடாது. ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் அந்த எழுத்து மறைந்துவிடும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலே ஆபத்துதான்.

மலிவாகக் கிடைக்கிறதென்று டஜன் கணக்கில் வாங்காதீர்கள். ஒன்றை முழுதாக எழுதித் தீர்த்த பிறகு மீதியை வாங்கலாம். நின்றுபோன ஜெல் முனையைத் தீக்குச்சியில் காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நீர் மை சூடேறினால் விரிந்து வெளியே கக்கும். ஈரத் துணியால் முனையைத் துடைத்து, ரப்பர் செருப்பின் அடியில் மெதுவாகக் கிறுக்கிப் பாருங்கள். முனை தரையில் குத்தி விழுந்த பேனா என்றால் குண்டைப் பிடித்திருக்கும் விளிம்பு நசுங்கியிருக்கும், ரீஃபிலை மாற்றத்தான் வேண்டும்.