வேலூர்லருந்து ஒரு நாள் மெட்ராஸ்: கடலோரமா இருக்கிற பழைய ஏரியாங்கள சுத்துறது எப்படி

நம்ம ஊர்க்காரங்க மெட்ராஸ் போனா தி.நகர்ல துணி எடுத்துட்டு, மெரினால கால நனைச்சிட்டு, ட்ரெயின் புடிச்சி வந்துடுறாங்க. ஒரு நாள் முழுசா கிடைச்சா தயவுசெஞ்சி அப்படி விட்டுடாதீங்க. ராயபுரம், பாரிஸ் கார்னர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்னு வடக்குலருந்து கடலோரமாவே இறங்கி வாங்க, பாதி இடத்துல நம்ம ஆற்காட்டு கதைதான் நிக்குது.

விடியக்காலைல காட்பாடில ஏறிடுங்க. சென்ட்ரல்ல இறங்கி ஆட்டோ புடிச்சி நேரா ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவோட மொத ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கருந்துதான் கிளம்புச்சி, போய் சேந்த இடம் நம்ம வாலாஜா ரோடு, வர்ற வழில ஜன்னல்ல பாத்தீங்களே அதே ஸ்டேஷன். தூணுங்க வெச்ச பழைய கட்டடம் இன்னும் இருக்குது. மீன் ஆசை இருக்கிறவங்க பக்கத்துல காசிமேடு போலாம், ஆனா வெயில் ஏறிட்டா வேணாம்.

பாரிஸ்ல ஞாயித்துக்கிழமை பாதிக்கு மேல ஷட்டர் இறங்கியிருக்கும், அதனால வார நாள்ல போங்க. வீட்ல கல்யாணம் வருதுன்னா ஆண்டர்சன் தெருவுல பத்திரிகை பாருங்க, ஒரு தெரு பூரா அதுதான்.

அடுத்து திருவல்லிக்கேணி, இங்கதான் நிறைய நேரம் ஒதுக்கணும். கோட்டை ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்துல இறங்குங்க. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல கட்டுன அரண்மனை அங்க இருக்குது, இப்ப கவர்மெண்ட் ஆபீஸுங்க, வெளியருந்து பாத்தாலே போதும். அப்படியே நடந்தா 1795-ல கட்டுன வாலாஜா பெரிய மசூதி, தொழுகை நேரம் பாத்து போங்க. கொஞ்சம் தள்ளி ராயப்பேட்டைல அமீர் மஹால், ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்னிக்கும் அங்கதான் இருக்காங்க. பார்த்தசாரதி கோயில்ல பெருமாள் மீசையோட நிப்பாரு, மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதுக்கு முன்னாடி பாத்துடுங்க. பசிச்சா ரத்னா கஃபே, இட்லி முங்குற அளவுக்கு சாம்பார் ஊத்துவாங்க.

நம்ம ஊரு வெயில் காய வெக்கும், அங்க வேர்த்து கொட்டும், தண்ணி பாட்டில் மறக்காதீங்க. மெரினால கால் மட்டும் நனைங்க, அலை இழுக்குற இழுப்பு நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களையே கொண்டு போயிடும், குழந்தைங்கள இட்டுனு போனா கைய விடாதீங்க.

மயிலாப்பூர் சாயங்காலம்தான் அழகு, கபாலீஸ்வரர் கோயில், குளம், மாட வீதி, அவ்ளோதான். அங்கருந்து திருமயிலைல பறக்கும் ரயில் ஏறி கடைசியா பீச் ஸ்டேஷன் வந்துடுங்க, ஏன்னா பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடாம வரக்கூடாது. பர்மாலருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த சாப்பாடு அது. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாத்தூள், நொறுக்குன பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுன்னு பொரிச்சது) எல்லாத்தையும் கையாலயே பெசஞ்சி தட்டுல வெப்பாங்க, கூடவே சூடா வாழைத்தண்டு சூப். முட்டைய கீறி உள்ள வெங்காயம் வெச்சி தர்றதையும் விடாதீங்க. அங்கருந்து ரெண்டாவது ஸ்டேஷன் பார்க் டவுன், இறங்கி ரோட்ட தாண்டினா சென்ட்ரல், காட்பாடி வண்டி கிடைச்சிடும்.