குடும்பக் கூட்டாண்மையின் வாடகை வருமானத்துக்குச் சுயதொழில் வரி உண்டா?

அமெரிக்காவில் ஒரு தாயும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பொதுக் கூட்டாளிகளாக (கூட்டாண்மையின் கடனுக்கு முழுப் பொறுப்பேற்கும் கூட்டாளிகளாக) சேர்ந்து, மூன்று குடித்தனங்கள் உள்ள வீடொன்றைச் சம பங்கில் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்றும், செலவு போக ஆண்டுக்கு 30,000 டாலர் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இதற்கு வருமான வரி உண்டு. அதோடு சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 12.4, மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2.9 என மொத்தம் 15.3 விழுக்காடு சுயதொழில் வரியும் சேருமா என்பதைக் கீழ்க்காணும் வரிசையில் சோதித்துப் பார்க்கலாம்.

படி 1: எதற்கான வாடகை?

வரிச் சட்டத்தின் 1402ஆம் பிரிவு, வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தின் வாடகையையும், அதனுடன் சேர்த்து விடப்படும் கட்டில், குளிர்பெட்டி முதலியவற்றின் வாடகையையும் சுயதொழில் வருமானத்திலிருந்து விலக்குகிறது. வீடு, மனை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர் அந்தத் தொழிலின் போக்கில் பெறும் வாடகைக்கு இந்த விலக்கு இல்லை. டிராக்டரை மட்டும் தனியே வாடகைக்கு விடும் தொழிலுக்கும் இல்லை.

படி 2: குடியிருப்பவருக்கு என்ன சேவை செய்கிறீர்கள்?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். வெப்பமும் விளக்கும் தருவது, பொது மாடிப்படியைப் பெருக்குவது, குப்பையை அகற்றுவது ஆகியவை வாடகைக்கு விடுபவர் வழக்கமாகச் செய்பவை என்பதால் விலக்கு கெடாது. ஆனால் அறைக்குள் வந்து படுக்கை விரித்துச் சுத்தம் செய்வது போல, குடியிருப்பவரின் வசதிக்காகவே செய்யப்படும் சேவைகள் கணிசமாக இருந்தால், பெயரளவில் வாடகையாக இருந்தாலும் அது விடுதி நடத்தும் தொழிலின் வருமானமாகவே கொள்ளப்படும். குறுகிய காலத்துக்கு வீடு விடுபவர்கள் ஒப்பந்தத்தில் உள்ள பெயரை நம்பாமல், உண்மையில் என்ன செய்கிறோம் என்பதை எழுதிவைத்துப் பார்ப்பது நல்லது.

படி 3: கூட்டாளி எவருக்காவது உழைப்பூதியம் உண்டா?

வாடகை வசூலையும் பழுதுபார்ப்பையும் கவனிக்கும் மகனுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 6,000 டாலர் என்று பேசியிருந்தால், அது வாடகைப் பங்கு அல்ல, உழைப்புக்கான உறுதித் தொகை. அது அவருடைய கே-1 அட்டவணையில் (கூட்டாண்மை ஒவ்வொரு கூட்டாளிக்கும் தரும் பங்கு விவரப் படிவம்) 4ஏ கட்டத்திலும், சுயதொழில் வருமானமாக 14ஆம் கட்டத்திலும் இடம்பெறும். மீதி 24,000 டாலர் மட்டுமே தலைக்கு 8,000 டாலர் வாடகைப் பங்காகப் பிரியும். கூட்டாளியை ஊழியராகக் காட்டி டபிள்யூ-2 என்னும் சம்பளச் சான்றுப் படிவம் கொடுக்கும் வழி இங்கே செல்லாது.

படி 4: படிவங்களில் எங்கே எழுதுவது?

வாடகையையும் செலவையும் 8825ஆம் படிவத்தில் கணக்கிட்டு, மார்ச் 15க்குள் தாக்கல் செய்ய வேண்டிய, கூட்டாண்மையின் ஆண்டு வரிக்கணக்கான 1065ஆம் படிவத்துடன் இணைக்க வேண்டும். ஒவ்வொருவரின் பங்கும் கே-1 அட்டவணையின் 2ஆம் கட்டத்துக்கு வரும். அங்கிருந்து அவரவர் தனிநபர்க் கணக்கின் இ அட்டவணைக்குப் போகும். வாடகையை 1065இன் முதல் பக்கத்தில் வியாபார வருமானமாக எழுதிவிட்டால், அது 1ஆம் கட்டத்துக்குப் போய், பொதுக் கூட்டாளிகளுக்கு 14ஆம் கட்டத்திலும் ஏறிவிடும். உறுதித் தொகை எதுவும் இல்லாத நிலையில் 30,000 டாலரும் அப்படி ஏறினால், அதில் 92.35 விழுக்காட்டின் மேல் கணக்கிடப்படும் வரி மூவருக்குமாக ஏறத்தாழ 4,239 டாலர் ஆகும். ஆகவே கணக்கைத் தாக்கல் செய்யுமுன், மூவரின் கே-1 அட்டவணைகளிலும் 14ஆம் கட்டத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள்: படி 3இல் சொன்ன ஊதியம் தவிர வேறு தொகை இருந்தால், 8825க்குப் போக வேண்டிய வாடகை முதல் பக்கத்துக்குப் போயிருக்கிறதா என்று தேடுங்கள்.