சிறு தொழில்காரங்க கூட்டம் சேர்ப்பது எப்படி

மார்த்தாண்டத்துல ஏத்தங்காய் வத்தல், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், போட்டு விக்கிறேன். தொழில் பிரச்சினைகளை ஒருத்தருக்கொருத்தர் பேசித் தீத்துக்கிற எங்க கூட்டத்தைப் பாத்துட்டு, எப்படிச் சேத்தீங்கன்னு கேக்கிறாங்க. ஒரே சரக்கு விக்கிற ரெண்டு பேரைச் சேக்காதீங்க, அதுதான் முதல் விஷயம். போட்டிக்காரர் முன்னால கொள்முதல் விலையை உள்ளபடி எவர் சொல்லுவார்? எங்ககூட தேன்பெட்டி வச்சிருக்கிறவர், தோவாளைப் பூ வியாபாரி, தையல்கார அக்கா, லேத் பட்டறை அண்ணன்னு எட்டுப் பேர். பன்னிரண்டைத் தாண்டினா அது சங்கம். தலைவர் நாற்காலிக்கு அடிபிடி தொடங்கிரும்.

இடம் தக்கலை. நாகர்கோவில்காரங்களுக்கும் எங்களுக்கும் அதுதான் நடு. ஞாயிறு வேண்டாம், காலையில சர்ச், பிறகு கல்யாண வீடு. செவ்வாய் மத்தியானம் கடையில ஆள் குறைவு, பூச்சந்தையும் முடிஞ்சிருக்கும். சாயாக் காசு அவங்கவங்க பங்கு.

ஒரு தடவைக்கு ஒருத்தர் பிரச்சினைதான். அவர் கணக்கு நோட்டைக் கொண்டு வரணும். வெறும் வாயால பேசினா "ஏதோ ஓடுது"ன்னு முடிச்சிருவோம். மத்தவங்க முதல்ல கேள்வி கேக்கணும், புத்திமதி பிறகு.

தேன்காரர் முறை வந்தப்போ, ஓணத்துக்கு அனுப்பின சரக்குக்குக் கேரளாக் கடை ஒண்ணு பணம் தராம இழுத்துட்டிருந்தது. லேத் அண்ணன் பில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உத்யம் நம்பர் எங்கே? எந்தத் தேதிக்குள்ள பணம்னு எழுதலியே!" உத்யம்ங்கிறது சிறு தொழில்காரங்களுக்கான அரசுப் பதிவு. 2006-ல வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்காரங்ககிட்ட வாங்கினவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள, இல்லேன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும். தப்பினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. இந்த உரிமை உற்பத்தி, சேவைக்காரங்களுக்குத்தான், வாங்கி விக்கிறவங்களுக்குக் கிடையாது. பூக்காரர் முகம் அப்பவே வாடிப் போச்சு. உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்ல, புரோக்கருக்குக் காசு கொடுக்காதீங்க. வக்கீல் வீட்டு வாசல்ல காத்துக் கிடக்காம, சாயா குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இவ்வளவும் எங்களுக்குத் தெரிஞ்சுது.

அட்டைப்பெட்டி சேர்ந்து வாங்கினா விலை இறங்கும். ஓண நேரத்துல ஒரே வண்டியில சரக்கு ஏத்தினா வாடகையும் பங்காயிரும். ஆனா ஒருத்தருக்கொருத்தர் கடன் கொடுக்காதீங்க, சீட்டும் பிடிக்காதீங்க. நம்ம ஊர்ல நாலு பேர் கூடினாலே சீட்டுப் பேச்சு வந்துரும். வாட்ஸ்அப்ல காலை வணக்கம், சாமி படம் எதுவும் போடக் கூடாது. கேட்டது வெளியே போகவும் கூடாது. மார்த்தாண்டத்துல முணுமுணுத்தா சாயங்காலமே குலசேகரத்துல தெரிஞ்சிரும்.

புது வாடிக்கையாளர் கிடைப்பாங்கன்னு மட்டும் வர்றவங்க ரெண்டு மாசத்துல நின்னுருவாங்க, போகட்டும். முதல் கூட்டத்துக்கு ஆறு மாச பில் புக்கும் பாக்கிக் கணக்கும் கொண்டு வரச் சொல்லுங்க. வெறுங்கையோட வர்றவருக்குச் சாயா கொடுத்து அனுப்பிருங்க.