ஸ்டீல் டார்கெட் வாங்கப் போகிறீர்களா? தகட்டில் செலவழியுங்கள், ஸ்டாண்டில் மிச்சம் பிடியுங்கள்

காகித டார்கெட்டில் சுட்டால், எங்கே பட்டது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் நடந்து போக வேண்டும். ஸ்டீல் தகடு நின்ற இடத்திலேயே 'டங்' என்று சொல்லிவிடும். சரியாகப் பார்த்து வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். தவறாக வாங்கினால் கொஞ்ச நாளிலேயே குழி விழும், அப்புறம் குண்டின் சில்லுகள் சுட்டவர் பக்கமே திரும்பி வர ஆரம்பிக்கும்.

வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகள். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் சொந்த நிலத்தில் சுட அனுமதிக்கிறதா? துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால் மட்டும் போதாது, சுடும் இடத்துக்கும் தனி விதி இருக்கலாம். அடுத்தது, டார்கெட்டுக்குப் பின்னால் உயரமான, கல் இல்லாத மண்மேடு இருக்கிறதா? தகடு குண்டைத் தடுக்கும் சுவர் அல்ல. குறி தப்பிய குண்டு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். மண்மேடு இல்லை என்றால், ஏர் கன் தவிர வேறு எதையும் வீட்டில் நினைக்க வேண்டாம். ஏர் கன்னுக்கும் பெல்லட்டை நிறுத்த பின்னால் ஒரு தடுப்பு வேண்டும்.

படி 1: எதை வைத்துச் சுடப் போகிறீர்கள்?

பலர் முதலில் டார்கெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அது தங்கள் துப்பாக்கிக்குத் தாங்குமா என்று கேட்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஈய பெல்லட் போடும் சாதாரண ஏர் ரைபிளுக்கு 3 மி.மீ. சாதா இரும்புத் தகடே போதும், கடினமான எஃகுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் பிபி எனப்படும் எஃகு உருண்டைகளை எந்த ஸ்டீல் தகட்டிலும் சுடவே கூடாது. அவை நொறுங்காது, அப்படியே துள்ளித் திரும்பும்.

பாயிண்ட் 22 (0.22 அங்குல விட்டமுள்ள சிறிய குண்டு), பிஸ்டல், பெரிய ரைபிள் என்று போகப் போகத்தான் எஃகின் ரகம் முக்கியமாகிறது.

படி 2: எஃகின் ரகத்தைக் கேளுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஈயக் குண்டு கடினமான, வழவழப்பான தகட்டில் மோதினால் பொடியாக நொறுங்கி, தகட்டின் முகத்தை ஒட்டியே நாலாபக்கமும் சிதறும். அதே தகட்டில் ஒரு குழி இருந்தால், குழியின் விளிம்பு அந்தச் சில்லுகளைத் திருப்பி உங்கள் பக்கம் அனுப்பிவிடும். முகம் சமமாக இருக்கும் வரைக்கும்தான் தகட்டை நம்பலாம்.

அதனால்தான் எல்லோரும் ஏஆர்500 என்று கேட்கிறார்கள். சுரங்க லாரிகளின் தொட்டி, மண் அள்ளும் இயந்திரத்தின் பக்கெட் போன்ற, உராய்வில் தேயக்கூடிய இடங்களுக்காகத் தயாரிக்கப்படும் எஃகு இது. இதன் கடினத்தன்மை பிரினெல் அளவில் சுமார் 500. பட்டறையில் கிடைக்கும் சாதா இரும்பு 150-ஐ எட்டினாலே பெரிது. பழைய இரும்புக் கடையில் தடியான தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று சபலம் வரும். தடியாக இருந்தாலும் மென்மையான இரும்பில் ரைபிள் குண்டு குழி பறித்துவிடும். ஏஆர்550 இன்னும் கடினம், ஆனால் தொடங்குபவருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

'கடின எஃகு' என்று மட்டும் எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். ரகம் என்ன, எந்த ஆலையின் எஃகு, மில் சர்டிபிகேட் உண்டா என்று கேளுங்கள். அந்தச் சான்றிதழில் வார்ப்பு எண்ணும் பிரினெல் அளவும் இருக்கும். ஒழுங்காக விற்பவர் கேட்டதும் காட்டுவார்.

எப்படி வெட்டியது என்பதையும் கேளுங்கள். இந்த எஃகின் பலம் சூடுபடுத்திச் சட்டெனக் குளிர்வித்ததில் வந்தது, மறுபடி அதிகச் சூடு பட்டால் அந்த இடம் இளகிவிடும். லேசர், பிளாஸ்மா, வாட்டர்ஜெட் மூன்றும் பரவாயில்லை. கேஸ் கட்டிங்கில் வெட்டியதென்றால் ஓரத்தில் அகலமாக மென்மையாகியிருக்கும். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளமாகக் கசடு ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம். இதே காரணத்தால், வாங்கிய தகட்டில் நீங்களாகக் கொக்கி வெல்டிங் செய்யாதீர்கள்.

படி 3: தடிமனைத் தராசில் சரிபாருங்கள்

பாயிண்ட் 22-க்கு 6 மி.மீ. போதும். பிஸ்டலுக்கும், தூரத்திலிருந்து சுடும் சாதாரண ரைபிளுக்கும் 10 மி.மீ. பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) ரைபிள் என்றால் 12 மி.மீ. ஒரே தகடு எல்லாவற்றுக்கும் வேண்டும் என்பவருக்கு என் சிபாரிசு 10 மி.மீ.தான்.

ஆன்லைனில் வாங்கும்போது எடையைப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள வட்டத் தகடு ஏறக்குறைய இரண்டரை கிலோ இருக்கும். அதே வட்டம் 6 மி.மீ. என்றால் ஒன்றரை கிலோதான். விளம்பரத்தில் 10 மி.மீ. என்று போட்டு, எடையை ஒன்றரை கிலோ என்று எழுதியிருந்தால் ஏதோ இடிக்கிறது.

படி 4: வடிவம்

தொடங்குபவருக்கு 20 முதல் 30 செ.மீ. வட்டம் போதும். சுழலும் டார்கெட், விழுந்து எழும் பாப்பர் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் அசையும் பாகம் கூடினால் உடையும் பாகமும் கூடும்.

படி 5: ஸ்டாண்டும் தொங்கவிடுவதும்

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு மரக் கால்கள், குறுக்கே ஒரு கட்டை, அவ்வளவுதான். மரத்தில் குண்டு பட்டால் உள்ளே புதையும், இல்லை துளைத்துப் போகும்; கட்டை உடைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் ஆங்கிளும் குண்டை எங்கே திருப்பும் என்று சொல்ல முடியாது.

சங்கிலியில் குண்டு பட்டால் கண்ணி தெறிக்கும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டில் தொங்கவிடுவது எனக்குப் பிடித்த வழி: மலிவு, சத்தமும் குறைவு. முன்பக்கம் வரும் போல்ட்டின் தலை உருண்டையாக, வழவழப்பாக இருக்கட்டும், நட்டு பின்பக்கம் போகட்டும். தகட்டின் பின்பக்கம், தகட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஸ்பிரிங்கோ ரப்பர் வாஷரோ வைத்தால் தகட்டின் மேல்பக்கம் முன்னே சாயும். தகட்டின் முகம் 15, 20 டிகிரி தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் சில்லுகள் பெரும்பாலும் மண்ணுக்குள் போகும்.

படி 6: முதல் குண்டுக்கு முன்

பிஸ்டலுக்குக் குறைந்தது 10 மீட்டர், ரைபிளுக்கு 100 மீட்டர் தூரம் வேண்டும். நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாயும் குண்டு ஏஆர்500-லும் பள்ளம் பறிக்கும், எனவே அதிவேக ரைபிள் வைத்திருப்பவர் இன்னும் பின்னே போக வேண்டும்.

தோட்டாவை எடுத்துக் குண்டின் முனையில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளேயோ மேலுறையிலோ எஃகு இருக்கிறது, அது ஸ்டீல் டார்கெட்டுக்கு ஆகாது.

பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவருக்கும் வேண்டும். ஏர் கன்னுக்கும் கண்ணாடி கட்டாயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். சிதறுவது ஈயம். குழந்தைகள் விளையாடும் மண்ணில் அது விழக் கூடாது.

பெயிண்டுக்கு, கிடைப்பதில் மலிவான வெள்ளை ஸ்பிரே போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக அடித்தால் குண்டு பட்ட இடம் சாம்பல் நிறத்தில் தெரியும். மேலே பிடிக்கும் லேசான துரு தகட்டை ஒன்றும் செய்யாது.

பழைய தகடு வாங்குவதானால்

மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், பெயிண்டைச் சுரண்டிப் பார்த்த பிறகு. முகத்தின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் குழியோ விரிசலோ இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். நேரான ஸ்கேலை மேலே வைத்து வளைவையும் பாருங்கள். லேசான வளைவு மட்டும்தான், குழி இல்லை என்றால், குழிவான பக்கம் உங்களைப் பார்க்காதபடி மாட்டிக்கொள்ளலாம். நன்றாக வளைந்திருந்தால் அது எடைக்குத்தான் போக வேண்டும்.