மடக்குக் கத்திகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாடம் கையோடு வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க நினைப்பவர், இரண்டு மூன்று கத்திகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது முதலில் கேட்பது பெரும்பாலும் எஃகின் பெயரைத்தான். ஒப்பிடுவதில் நேரும் தவறுகளில் முதன்மையானது இதுவே என்பது என் கருத்து. கூர் எத்தனை நாள் நிற்கும், துரு எவ்வளவு விரைவில் ஏறும், சாணைக்கல்லில் எவ்வளவு நேரம் பாடுபட வேண்டியிருக்கும் என்பவற்றை எஃகின் பெயரிலிருந்து ஓரளவு அறியலாம். ஆனால் கத்தி எவ்வளவு எளிதாக வெட்டும் என்பதை, வெட்டும் விளிம்பான வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

இதை நான் அட்டைப்பெட்டிகளை வெட்டித்தான் புரிந்துகொண்டேன். என்னிடம் இருந்த கத்திகளில் ஒன்று டி2 என்ற கடினமான கருவி எஃகால் ஆனது, முதுகு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன்; மற்றொன்று அதில் பாதித் தடிமன்கூட இல்லாத சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி. இரண்டையும் ஒரே நாளில் தீட்டி, ஒரே அட்டையில் இழுத்துப் பார்த்தேன். தடித்த கத்தியின் வாய் எளிதாக இறங்கியபோதிலும், இரண்டு அங்குலம் போவதற்குள் அலகின் பக்கங்கள் அட்டையில் இறுகிக்கொள்ள, அட்டை மடங்கி நார் நாராகக் கிழிந்தது. மெல்லிய கத்தியோ ஒரே இழுப்பில் கடைசிவரை சென்றது. சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் கத்திகளில் உள்ள எஃகு, கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் அளவில் சுமார் 56 மட்டுமே என்று குறை சொல்பவர்கள், அவற்றின் அலகு எவ்வளவு மெல்லியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எஃகைப் பற்றியே பேசினாலும் பெயர் மட்டும் போதாது. ஒரே எஃகு இரண்டு பட்டறைகளில் வெவ்வேறு விதமாகப் பதம் ஏற்றப்பட்டால், இரண்டும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. கடினத்தன்மை கூடக்கூடத் தரமும் கூடும் என்று எண்ணுவதும் சரியல்ல. மிகக் கடினமான வாய், எதையாவது நெம்பினாலோ திருகினாலோ பொடிப்பொடியாக உதிரக்கூடும். டி2-இல் ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியம் இருந்தாலும் அது முழுமையான துருப்பிடிக்காத எஃகு ஆகாது. வியர்வை படும் பாக்கெட்டில் துடைக்காமல் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும்.

அடுத்தது, திறந்த அலகு தானாக மடங்காமல் தடுக்கும் பூட்டு. அலகின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டி, பூட்டு தாங்குகிறதா என்று சோதிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அடி நல்ல பூட்டையும் கெடுத்துவிடும். பூட்டு விடுபட்டால் விரல் போகும். அலகைத் திறந்து, முதுகைப் பிடித்துப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் மெல்ல அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாலே வேண்டிய அளவுக்குத் தெரிந்துவிடும். கத்தியை மூடும்போது கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்: பிடியின் உள்தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகைத் தாங்கும் பூட்டு வகையில், பூட்டை விடுவிக்கும் விரல் அலகு இறங்கும் பாதையிலேயே இருக்கும். அந்தத் தகடு பெரும்பாலும் வலக்கைக்கு ஏற்பவே அமைக்கப்படுவதால், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. 1890-இல் தொடங்கிய, பிரான்சின் ஓப்பினெல் கத்திகளுக்கு 1955-இல்தான் திருகும் வளையப் பூட்டு வந்தது. பூட்டில்லாத கத்தியும் இழுத்து வெட்டும் வேலைகளுக்குப் போதும். முனையால் குத்தும் வேலைக்குத்தான் அது ஆகாது, ஏனெனில் அலகு மடங்கி விரலின் மேலேயே விழும்.

சட்டத்தைக் கடைசியில் பார்ப்பது இன்னொரு தவறு. பிரிட்டனில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. அங்கே இருப்பவர் பூட்டுகளை மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பயனில்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், அதைப் படித்த பிறகே பட்டியலைத் தயாரிக்க வேண்டும்.

எடை கூடினால் உறுதி கூடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். 8.5 சென்டிமீட்டர் அலகுள்ள ஓப்பினெல் 8-ஆம் எண் கத்தி 50 கிராம்கூட இராது.

புதிதாக வந்த கத்தி தாளை எவ்வளவு அழகாக அறுக்கிறது என்பதை வைத்து ஒப்பிடுவதும் ஏமாற்றும், ஏனெனில் தொழிற்சாலையில் தீட்டிய அந்தக் கூர் மழுங்கிய பிறகு நீங்கள் தீட்டும் கூர்தான் மிஞ்சும். எனவே எது தீட்ட எளிது என்று பாருங்கள். உட்பக்கம் வளைந்த வாயும் பற்கள் உள்ள வாயும் தட்டையான கல்லுக்கு அடங்குவதில்லை. வாய் தொடங்கும் அடிப்பகுதியில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாத பல கத்திகளில் கல் அந்த இடத்தில் முட்டிக்கொள்ள, கடைசிச் சில மில்லிமீட்டர் எத்தனை முறை தீட்டினாலும் மொண்ணையாகவே நிற்கும்.