ஜெட் ஸ்கி ஓடும் கடலில் பாதுகாப்பாக நீந்துவது எப்படி

நீர்மேல் மோட்டார் சைக்கிள் போல ஏறி அமர்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கிகளில், வாடகைக்கு விடப்படும் பலவற்றுக்கு பிரேக் கிடையாது. ஆக்சிலரேட்டர் விசையிலிருந்து கையை எடுத்தால் திரும்பும் திறனும் போய்விடும். சுற்றுலாக் கடற்கரையில் நீந்த இறங்குபவர் இந்த ஒன்றையாவது தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஜெட் ஸ்கி தன் அடிப்பக்கத் துளை வழியாக நீரை உறிஞ்சிப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சியடித்து ஓடுகிறது. அந்தப் பீய்ச்சலின் திசையை மாற்றித்தான் திரும்புகிறது. பீய்ச்சல் நின்றுவிட்டால், கைப்பிடியை எவ்வளவு வளைத்தாலும் போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். எதிரே ஒரு தலையைக் கண்டு பதறும் புதியவர் முதலில் செய்வது விசையை விடுவதுதான். எந்தக் கணத்தில் திரும்பியாக வேண்டுமோ அந்தக் கணத்தில், திரும்புவதற்கு இருந்த ஒரே வழியைத் தம் கையாலேயே அடைத்துவிடுகிறார். அண்மைக்கால மாடல்கள் சிலவற்றில் பிரேக் வந்துவிட்டது என்றாலும், நீரில் மிதந்துகொண்டிருப்பவரால் எதில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. 70 மீட்டர் தொலைவில் நீங்கள் அதைக் கண்டால், உங்களுக்குக் கிடைப்பது 5 விநாடி. திகைப்பில் கழியும் நேரம் போக, சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் அதற்குள் 3 மீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஆகவே, வண்டியைக் கண்ட பிறகு விலகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் கடலில் இறங்கக் கூடாது. அது வரக்கூடிய நீரில் இல்லாமல் இருப்பதற்கான ஏற்பாட்டைக் கரையிலேயே செய்துகொள்ள வேண்டும்.

ஓட்டுபவருக்கு உங்களைத் தெரியும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். நீந்துபவரின் உடலில் நீருக்கு மேலே தெரிவது தலை மட்டும்தான். அரை மீட்டர் அலை ஒன்று இடையில் எழுந்தால் அதுவும் மறைந்துவிடும். விசைப்படகு புறப்பட்டு வேகம் பிடிக்கும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்வதால், ஓட்டுநருக்கு நேர் எதிரே உள்ள நீர்ப்பரப்பு சில கணங்கள் முற்றாகத் தெரியாமல் போகும். பனானா படகை, அதாவது சவாரி செய்பவர்கள் வரிசையாக உட்காரும் வாழைப்பழ வடிவக் காற்றுமிதவையை, இழுத்துச் செல்பவரோ பாதி நேரம் பின்னால் திரும்பி, யாரும் விழுந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அப்படிப் பார்ப்பது சவாரி செய்பவர்களுக்கு நல்லது, உங்களுக்கு நல்லதல்ல. சூரியனையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேற்கு நோக்கிய கடற்கரையில் மாலையிலும், கிழக்கு நோக்கிய கடற்கரையில் காலையிலும், கரையிலிருந்து புறப்படும் வண்டி நேராக வெயிலை நோக்கியே ஓடுகிறது. அந்தக் கண்கூச்சத்தில், பளபளக்கும் நீரின் நடுவே ஒரு கறுப்புத் தலையைப் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம். பத்து நிமிடச் சவாரிக்குப் பணம் கட்டி முதன்முதலாக ஏறியவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் காதையும் முழுதாக நம்ப முடியாது. தலையை நீருக்குள் அமிழ்த்திக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்: கொசு ரீங்காரம் போல ஒரு மெல்லிய கீச்சொலி, திசையே இல்லாமல், மண்டைக்குள்ளேயே எழுவது போலக் கேட்கும். காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது; அதனால் இரண்டு காதுகளையும் அது ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தடைய, இடமா வலமா என்று மூளையால் பிரிக்க முடிவதில்லை. எனவே நீருக்கடியில் இன்ஜின் சத்தம் கேட்டால் நீந்துவதை நிறுத்திவிட்டு, தலையை உயர்த்தி, சுற்றிலும் கண்ணால் பார்த்துவிட்டே அடுத்த கையை வீச வேண்டும். மூச்சுக்குழாயை வாயில் வைத்து ஸ்நார்க்கெலிங் செய்பவர்கள் முகத்தைக் கவிழ்த்தபடியே மிதப்பதால், இந்தப் பழக்கம் மற்றெவரையும் விட அவர்களுக்கே அதிகம் தேவை.

இனி, இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை. துண்டை விரித்ததும் கடலுக்கு ஓடாமல், பத்து நிமிடம் கரையில் நின்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் மிக வலியுறுத்தும் பகுதி. வண்டிகள் எங்கிருந்து புறப்படுகின்றன, எங்கே திரும்பி வந்து கரையேறுகின்றன, படகு இழுக்க ஆளோடு வானில் பறக்கும் பாராசெய்லிங் குடை எந்த இடத்தில் இறங்குகிறது, பனானா படகு எந்த இடத்தில் வளைகிறது என்பவற்றைப் பாருங்கள். ஒழுங்காக நடத்தப்படும் கடற்கரையில், கரைக்குச் செங்குத்தாக இரண்டு வரிசை மிதவைகள் இட்டு, வண்டிகள் போய்வர ஒரு நீர்ப்பாதை ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பாதையைச் சாலையாகவே கருத வேண்டும். இடுப்பளவு நீரில்கூட அதன் குறுக்கே நடக்கக் கூடாது, அதன் முனையில் குழந்தைகளை மணல்வீடு கட்ட விடவும் கூடாது. அந்தப் பக்கம் போயே ஆக வேண்டுமென்றால், நீரைவிட்டு ஏறி, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் மணலில் சுற்றிச் செல்லுங்கள். மிதவையே இல்லாத கடற்கரையில், ஓட்டுநர்கள் எந்த வழியாக மனம்போல வருகிறார்கள் என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒதுங்கிய கோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலா பக்கமும் வண்டிகள் திரிகின்றன என்றால் அன்று அங்கே நீந்த வேண்டாம். காலை நனைத்துவிட்டுத் திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரண்டு கொடிகள் நடப்பட்டிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட நீர்தான் உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பில் இருக்கும் பகுதி. கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டங்கள் கொண்ட கொடி, அலைச்சறுக்குப் பலகைகளுக்கும் அதுபோன்ற கலங்களுக்கும் ஒதுக்கிய இடத்தைக் குறிக்கிறது. நீந்துபவர் அங்கே நுழையக் கூடாது. ஒற்றைச் செங்கொடி பெரும் ஆபத்தையும், இரட்டைச் செங்கொடி கடல் மூடப்பட்டிருப்பதையும் சொல்கின்றன. கரையோர வேகக் கட்டுப்பாடு நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் கரையிலிருந்து 300 மீட்டர் வரை எந்தக் கலமும் 5 நாட், அதாவது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஸ்பெயினில் கடற்கரையை ஒட்டிய 200 மீட்டர் அகலம் நீந்துபவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் போகும் இடத்தின் விதியை அங்குள்ள அறிவிப்புப் பலகையிலோ உயிர்காப்பாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் விதி இருப்பதாலேயே காப்பு கிடைத்துவிடாது. 2000 டிசம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவருகே, படகுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்த கடற்பகுதியில் தம் மகன்களோடு முக்குளித்துவிட்டு மேலே வந்த ஆங்கிலப் பாடகி கெர்ஸ்டி மக்கால், வேகமாக வந்த விசைப்படகின் வழியிலிருந்து மகனைத் தள்ளிவிட்டுத் தாம் மோதுண்டு இறந்தார். வரைபடத்தில் இருக்கும் கோடு படகோட்டியின் கண்ணிலும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

உடுப்பைப் பொறுத்தவரை, நீலம், வெள்ளை, கறுப்புத் தொப்பிகள் மூன்றும் கடலில் கரைந்துபோகும் நிறங்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களே தொலைவிலிருந்து தெரியும். அதைவிட மேலானது, இடுப்பில் வாரால் கட்டிப் பின்னால் இழுத்துச் செல்லும் ஆரஞ்சு நிறக் காற்றுமிதவை. தலையைவிடப் பெரிதாக இருப்பதோடு, களைத்துப்போனால் பிடித்துக்கொள்ளவும் உதவும். முக்குளிப்பவர்கள் தங்களுக்கு மேலே கொடியுள்ள மிதவையை வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையும் நீலமுமான கொடி பன்னாட்டு வழக்கம், சிவப்பில் குறுக்கே வெள்ளைக்கோடு கொண்டது வட அமெரிக்க வழக்கம். நீண்ட கூந்தலை முடிந்துகொள்வதும், தொங்கும் நாடாக்களைச் செருகிக்கொள்வதும் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஓடும் ஜெட் ஸ்கியின் அடித்துளை முடியையும் கயிற்றையும் உள்ளே இழுத்துவிடக்கூடியது என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது.

நீருக்குள் இறங்கியபின் கரைக்கு இணையாக, மிதவைக் கோட்டுக்கு உட்பக்கமாக நீந்துங்கள். நீரோட்டம் உங்களை அறியாமலேயே பக்கவாட்டில் நகர்த்திவிடும் என்பதால், கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களை, உதாரணமாக ஒரு குடையையும் அதற்குப் பின்னாலுள்ள மரத்தையும், அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். மரம் குடையைவிட்டு விலகத் தொடங்கினால் நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள் என்று பொருள். வண்டிப் பாதைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கிறது என்றால், நீரோட்டம் உங்களை அந்தப் பாதையைவிட்டு அப்பால் கொண்டுபோகும் பக்கத்தில் இறங்குங்கள்.

இழுத்துச் செல்லப்படும் பொருள்களிடம் இன்னொரு தந்திரம் உண்டு. படகு சட்டென்று வளையும்போது, அதன் பின்னாலுள்ள பனானா படகு அதே வழியில் வளையாமல், சாட்டையின் நுனிபோல வெளிப்பக்கமாக வீசியெறியப்படும். சவாரி செய்பவர்களைக் கவிழ்ப்பதற்காகவே ஓட்டுநர்கள் இப்படி வளைப்பதுண்டு. எனவே படகு கடந்துவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாமல், அதன் பின்னால் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்து நீரில் கிடக்கும் கயிறு ஒரு கணத்தில் கம்பிபோல விறைத்துக்கொள்ளும். அதைத் தொடவோ அதன்மேல் நீந்தவோ கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வண்டி உங்களை நோக்கி வந்தால், ஒரு கையை உயர்த்தி அசைத்து, கத்தி, காலால் நீரை அடித்துத் தெறிக்கவிட்டு உங்களைக் காட்டிக்கொள்ளுங்கள். அதே வேளையில் அது வரும் கோட்டுக்குச் செங்குத்தாக விலகுங்கள். அதன் முன்னால் கரையை நோக்கி ஓட்டப்பந்தயம் வைக்காதீர்கள். வேறு வழியே இல்லாதபோதுதான், ஆழம் இருந்தால் மூச்சை இழுத்துக்கொண்டு முடிந்தவரை கீழே முங்க வேண்டும். மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டியபடி, சுற்றிப் பார்த்துக்கொண்டு வாருங்கள், ஏனெனில் பின்னாலேயே இன்னொன்று வரக்கூடும். உதவிக்கு வரும் படகாக இருந்தாலும் அதன் பின்பக்கத்தை அணுகாதீர்கள். நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும் மூன்று இதழ் புரொப்பெல்லரில், ஒரே இடத்தை விநாடிக்கு 100 முறை இதழ்கள் கடக்கின்றன. இன்ஜினை அணைத்துவிட்டதாக ஓட்டுநர் வாயால் சொன்ன பிறகே ஏணியைப் பிடிக்க வேண்டும்.

அடிபட்டவரைக் கரைசேர்க்கும்போது கழுத்தும் முதுகும் நேர்கோட்டில் இருக்கும்படி தாங்கிக்கொள்ளுங்கள். பீறிடும் இரத்தத்தைத் துண்டால் அழுத்தி, அழுத்தத்தை எடுக்காமல் வைத்திருங்கள். கை காலில் அப்படியும் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு போட்டு, கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். மூச்சில்லாமல் நீரிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு முதலில் வாய்வழி மூச்சும், தொடர்ந்து மார்பழுத்தமும் தேவை. தலையில் அடிபட்டு எழுந்து நடப்பவரையும், நீரைக் குடித்து இருமிக்கொண்டிருப்பவரையும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மயிரிழையில் தப்பியவர்கள் பெரும்பாலும் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது போதாது. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், நேரம், எந்த மிதவைக்கு அருகில் நடந்தது என்பவற்றை உடனே உயிர்காப்பாளரிடம் சொல்லுங்கள். வாடகைக் கடையில் வாக்குவாதம் செய்வதைவிட, வண்டியைக் கரைக்கு அழைக்கும் அதிகாரமுள்ளவரிடம் அந்த எண்ணைக் கொடுப்பதே அதே வண்டி அடுத்த பத்து நிமிடச் சவாரிக்குப் புறப்படுவதற்கு முன் பயன் தரும்.